கை பட்டால் போச்சு

லேப்டாப் மறுபடியும் பட்டென்று அணைந்தது. அடித்துக்கொண்டிருந்த கடிதம் போயே போய்விட்டது. கணவருக்குத் தலைக்கேறியது கோபம்.

"டெலீட்டுக்குப் பக்கத்துலயா பவர் பட்டனை வைப்பான்? டச்பேட்ல உள்ளங்கை பட்டாலே கர்சர் எங்கயோ ஓடுது! இதைச் செஞ்சவன் கையில கிடைச்சான், தோலை உரிச்சுடுவேன்!"

"கத்தாதீங்க. ஆபீஸ்ல எப்படித்தான் சமாளிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"அங்க எல்லாருக்கும் தனி கீபோர்டு, தனி மவுஸ். இந்தச் சனியன் மேல யாரு கை வைக்கிறா?"

"அப்படி என்ன கடிதம்?"

"புகார் பண்ணின கஸ்டமர்களுக்குப் பதில். 'இந்த கீபோர்டுல குறையே இல்ல, நாங்களே தினமும் இதுலதான் அடிக்கிறோம்'னு எழுதணுமாம்."

"அதை ஏன் நீங்க எழுதணும்?"

"பின்னே வேற யாரு எழுதுவா? டிசைன் பண்ணினவன் நான்தானே!" என்று சீறினார்.