கல்யாண வீட்டுக் கூடை

"இன்னைக்கும் அதேதான்!"

லூசியானே ஓலைக் கூடையைத் தரையில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்பதே சரி.

உள்ளே வேகவைத்த மீன், கொஞ்சம் சோறு, ஒரு துண்டு பழுத்த பப்பாளி. கூடவே இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர் ஒரு பாட்டில்.

"பக்கத்து வீட்டுக்குப் பன்னித் தொடை போயிருக்கு. எதிர் வீட்டுக்குத் தேங்காய்ப்பால் விட்டு வேகவச்ச கீரைப் பொட்டலம் பத்து. கூடப் பொறந்த தம்பிக்கு மட்டும் பூனைச் சோறு!"

ஈரப்பலா மரத்தடியில் பாய் விரித்துப் படுத்திருந்த கணவன் பௌலியாசி, இலைகளுக்கு நடுவே தெரிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அக்கா அனுப்பினது. மிச்சம் வைக்கக் கூடாது."

எங்கள் டோங்காவில் தம்பியைவிட அக்கா ஒரு படி மேல். கொடுத்ததைச் சாப்பிட வேண்டும், சொன்னதைச் செய்ய வேண்டும்.

அக்கா மெலெனைத்தேயின் மகளுக்குக் கல்யாணம். ஒரு மாதமாக அந்த வீட்டு மண்ணடுப்பு தினமும் புகைகிறது. சொந்தபந்தம் எல்லாருக்கும் பங்கு போகிறது. அதில் தம்பி வீட்டுக்கு மட்டும் மூன்று வாரமாக இந்தக் கூடை.

அது போதாதென்று ஓர் உத்தரவு வேறு. சாப்பிட்டதும் கூடையைக் கழுவி, தம்பியே நடந்து வந்து வேலியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். அக்கா வீடு கடற்கரையின் அந்தக் கோடியில். போக அரை மணி, வர அரை மணி.

"உங்களைக் கூடை தூக்க வச்சு ஊரே சிரிக்குது" என்றாள் லூசியானே.

பௌலியாசிக்கு அந்த நடை பிடித்துப் போய்விட்டது. ஈர மணலில் கால் புதையும். நுரை வந்து கணுக்காலைத் தொட்டுவிட்டு ஓடும். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்பதே சில நேரம் மறந்துவிடும். தூக்கத்தில் நடக்கிற மாதிரி சுகமாக இருக்கும்.

ஆனால் வேலிவரைதான். வீட்டுக்குள் கால் வைத்து நாலு மாதம் ஆகிறது.

காரணம் வயிறு. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உப்பிக்கொள்ளும். அப்புறம் வாயு. சத்தத்தோடுதான் வரும். மனைவியிடம் சிரித்துச் சமாளிக்கலாம். அக்கா முன்னால்? ஒருநாள் அக்கா வீட்டு ஜெபத்தில் பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடியவன்தான். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

போகாததற்குக் காரணமும் சொல்ல முடியாது. அக்கா தம்பிக்கு இடையில் உடம்புச் சங்கதி எதுவும் வரக்கூடாது. அவனும் சொல்லக்கூடாது, அவனுக்காக மனைவியும் சொல்லக்கூடாது. தம்பிக்குத் தலைக்கனம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

இப்போது அக்காவிடமிருந்து தகவல்: விருந்துக்கு முன்னால் ஜெபம் செய்ய வேண்டியவன் தம்பிதான்.

"முந்நூறு பேரு மூச்சுவிடாம உக்காந்திருப்பாங்க. அக்கா முதல் வரிசையில. நடுவுல என் வயிறு பேசிடுச்சுன்னா, நான் ஆக்லாந்துக்கு விமானம் ஏற வேண்டியதுதான்" என்றான் பௌலியாசி.

"டிக்கெட் இப்பவே போடவா?"

"சிரிக்காதே லூசி. நான் போகலைன்னா மாப்பிள்ளை வீட்டார் முன்னாடி அக்கா தலைகுனியணும். எனக்குப் பயமா இருக்கு."

லூசியானேவுக்குப் பொறுக்கவில்லை. அன்று கூடையைத் தானே தூக்கிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணி, கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. எல்லாருக்கும் ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணா?"

மெலெனைத்தே பாய் முடைவதை நிறுத்தவில்லை. "என் தம்பிக்கு என்ன குடுக்கணும்னு எனக்குத் தெரியும். கூடையை நீ ஏன் எடுத்துட்டு வந்தே? நாளைக்கு அவனே வரணும்."

என்ன கல்நெஞ்சம்! வழியெல்லாம் அழுதுகொண்டே திரும்பினாள் லூசியானே.

கல்யாணத்தன்று பௌலியாசி எழுந்து நின்றான். பந்தல் அடங்கியது. கடல் மட்டும் எங்கோ மெல்லப் புரண்டுகொண்டிருந்தது.

கண்ணை மூடினான். வயிற்றில் ஒரு சலனமும் இல்லை. உடம்பு காற்றில் மிதப்பதுபோல் இருந்தது. பெண்ணுக்காக வேண்டினான், மாப்பிள்ளைக்காக வேண்டினான், மழைக்காக வேண்டினான், வராத உறவினர்களுக்காகவும் வேண்டினான். பசியில் குழந்தைகள் சிணுங்கிய பிறகுதான் ஆமென் சொன்னான்.

முதல் வரிசையில் மெலெனைத்தே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விருந்தில் லூசியானேவுக்குப் பக்கத்தில் சுகாதார நிலைய நர்ஸ் எலெனோவா வந்து உட்கார்ந்தாள்.

"உன் நாத்தனார் வயிறு இப்ப எப்படி இருக்கு?"

"அவங்க வயித்துக்கு என்ன?"

"தெரியாதா? மூணு வாரத்துக்கு மேல இருக்கும், வந்து, அத்தனை பேர் நடுவுல, 'எனக்கு ஒரே வாயு, சபையில உக்கார முடியல, வழி சொல்லு'ன்னு சத்தமாக் கேட்டாங்க. பெஞ்சு முழுக்க சிரிப்பு. எனக்கே சங்கடமாப் போச்சு. கிழங்கு, வெங்காயம், தேங்காய்ப்பால், சோடா எல்லாம் நிறுத்துங்க, மீனும் சோறும் பப்பாளியும் இஞ்சித் தண்ணியும் போதும், சாப்பிட்டதும் நல்லா நடங்கன்னு எழுதிக் குடுத்தேன்."

லூசியானேயின் கை வாய்க்குப் போகாமல் நின்றது.

எலெனோவா குரலைத் தாழ்த்தினாள். "வேடிக்கை என்னன்னா, நான் அவங்க வயித்தைத் தட்டிப் பார்த்தேன். காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. 'உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே'ன்னேன். 'எனக்குத்தான்னு எழுது'ன்னு அதட்டிட்டு, சீட்டை வாங்கிட்டுப் போயிட்டாங்க!"