ஒண்ணுமே தெரியாத டீச்சர்

“எங்க டீச்சருக்கு ஒண்ணுமே தெரியாதும்மா.”

யு.கே.ஜி. படிக்கும் மகள் குழல்வாய்மொழி இப்படிச் சொன்னபோது ஜோதிலட்சுமி சிரிக்கத்தான் செய்தாள்.

“என்னட்டி தெரியாது?”

“யானைக்கு ஆறு காலுன்னு சொல்லுதாங்க. பாகற்காய் இனிக்குமாம். செருப்பக்கூட வலது இடது தெரியாம மாத்திப் போட்டுட்டு வாராங்க. நாங்கதான் சொல்லிக் குடுக்கோம்!”

மொழி வாய் ஓயாத பிள்ளை. சாப்பிடும்போது பேசும், குளிக்கும்போது பேசும். அது தூங்கினால்தான் வீட்டில் ஃபேன் ஓடுகிற சத்தமே கேட்கும். அது சொல்வதையெல்லாம் காதில் வாங்க ஜோதிலட்சுமிக்கு நேரம் ஏது? குற்றாலத்தில் லாட்ஜ். சீசன் நேரம். சாரல் விழ ஆரம்பித்தால் ரூம் கேட்டு வருகிற கூட்டத்துக்குப் பதில் சொல்லவே பொழுது போய்விடும்.

ஆனால் மறுநாள் மொழி சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“அம்மா, மெயின் அருவில தண்ணி கீழயிருந்து மேல போகுதாம். டீச்சர் சொன்னாங்க!”

அருவியைக் காட்டியே ரூம் வாடகை வாங்குகிறவள் எதைப் பொறுத்தாலும் இதைப் பொறுப்பாளா?

“கேட்டீங்களா? இவ்வளவு பீஸ் கட்டி இதைத்தான் படிக்குதா நம்ம பிள்ளை!” என்று கணவன் விஜயசங்கரிடம் பாய்ந்தாள்.

“சின்னப் பிள்ளை ஏதோ சொல்லுது. விடேன்.”

விடவில்லை. பெற்றோர்களின் வாட்ஸப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். நாலைந்து பேர் ‘ஆமா, எங்க வீட்லயும் இதே கதைதான்’ என்றார்கள். போதாதா? ரிசப்ஷனைக் கணவன் தலையில் கட்டிவிட்டு, தூறலோடு தூறலாக ஸ்கூட்டரைத் தென்காசிக்கு விட்டாள். பிள்ளையைச் சேர்த்த அன்று பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது, அதற்குப் பிறகு இன்றுதான்.

ஹெச்.எம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, முத்துசெல்வி டீச்சருக்கு ஆள் அனுப்பினார்.

டீச்சர் வந்தார். செருப்பு மாறித்தான் இருந்தது.

“பாருங்க மேடம், பாருங்க! நான் சொன்னா நம்ப மாட்டீங்கன்னு நேரடியாவே வந்துட்டாங்க!”

முத்துசெல்வி டீச்சர் காலைப் பார்த்தார். “அய்ய, கிளாஸ்லேருந்து அப்படியே வந்துட்டேனா?” என்றபடி, நின்ற இடத்திலேயே செருப்பைச் சரியாக மாற்றிப் போட்டுக்கொண்டார்.

ஜோதிலட்சுமிக்குக் கோபம் இன்னும் ஏறியது. “அப்போ தெரிஞ்சேதான் பண்ணுதீங்களா?”

“தெரிஞ்சேதாம்மா. எங்க கிளாஸ்ல ஒரு பிள்ளை. ஸ்கூல் திறந்ததிலேருந்து ஒரு வார்த்தை பேசல. பாடிப் பாத்தேன், பொம்மை குடுத்துப் பாத்தேன், ம்ஹூம். பாத்ரூம் போகணும்னாக்கூடக் கேக்காது, நின்னு அழும். பேசாத பிள்ளைய யாரு விளையாட்டுக்குச் சேப்பா? மூலையிலேயே உக்காந்திருக்கும். ஒருநாள் வாய் தவறி, காக்கா வெள்ளைன்னு சொல்லிட்டேன். கடைசி வரிசையிலேருந்து குட்டியா ஒரு சத்தம், ‘கருப்பு’ன்னு.”

“சரி, அதுக்கு?”

“அன்னையிலேருந்து எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போச்சு.”

ஹெச்.எம். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“இப்பம் நான் எதைத் தப்பாச் சொன்னாலும் மொத்த கிளாஸும் திரும்பி அது மூஞ்சியத்தான் பாக்கும். அது சொன்னாத்தான் தீர்ப்பு. பென்னியும் கனியும் ‘என் பக்கத்துல உக்காரு, என் பக்கத்துல உக்காரு’ன்னு அதைப் பிடிச்சு இழுக்கானுவ. நேத்து முத தடவையா எந்திரிச்சு நின்னு, ‘தப்பு டீச்சர்!’னு கத்திச்சு பாருங்க, எனக்குக் கண்ணு கலங்கிட்டு.”

“நல்ல கதையா இருக்கே! ஒரு பிள்ளை பேசுததுக்காக எம் பிள்ளை தப்புத் தப்பாப் படிக்கணுமா? அதைக் கொண்டுபோய் அதுக்குன்னு இருக்குத ஸ்கூல்ல சேக்கச் சொல்லுங்க. இல்லன்னா எம் பிள்ளைக்கு டி.சி. குடுத்திருங்க!”

ஜோதிலட்சுமி அதோடு நிற்கவில்லை.

“அதோட அம்மாகிட்டயாவது சொன்னீங்களா?”

“பேரன்ட்ஸ் மீட்டிங்ல சொல்லலாம்னு பாத்தேன். வரல. போன் பண்ணுனா, வேலையா இருக்கேன், அப்புறம் பேசுங்கன்னு வச்சிடுதாங்க.”

“பாத்தீங்களா! பெத்த பிள்ளை பள்ளிக்கூடத்துல வாயே திறக்கலங்கதுகூடத் தெரியாம ஒருத்தி இருக்கா. அப்படி என்ன பெரிய வேலை அவளுக்கு? வரச்சொல்லுங்க அவள இங்கன. நாக்கப் பிடுங்குத மாதிரி நாலு வார்த்தை நான் கேக்கேன். யாரு டீச்சர் அது? யாரு வீட்டுப் பிள்ளை?”

முத்துசெல்வி டீச்சர் ஹெச்.எம்.மைப் பார்த்தார். ஹெச்.எம். தலையை ஆட்டினார்.

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“நம்ம மொழிதாம்மா.”