ஒன்பதாம் பாகம் மோசம்

"அந்தப் படத்தைப் பத்தி எங்கம்மா முன்னாடி வாயைத் திறந்தே, நம்ம கல்யாணம் அம்போதான்!"

காலிங் பெல்லில் விரலை வைத்துக்கொண்டே காதலி கடைசி எச்சரிக்கை விட்டாள். லிஃப்ட் மெக்கானிக் பலமாகத் தலையாட்டினான். பெண் கேட்கப் போகிற நேரத்தில் எவன்தான் தலையாட்டாமல் இருந்திருக்கிறான்?

"இந்த மாசம் பூரா அம்மாவுக்கு வேலை ஜாஸ்தி, கடுகடுன்னு இருக்காங்க. வேலை, வீடு, சொந்தபந்தம்னு எதைக் கேட்டாலும் பதில் சொல்லு. ராக்கெட்டு, ரோபோன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதே."

போயும் போயும் அவனிடமா இதைச் சொல்வது! எட்டுப் பாகம் வந்துவிட்ட அந்த விண்வெளிப் படத்துக்கு அவன் பரம அடிமை. சாவிக்கொத்தில் ராக்கெட், டிபன் பாக்ஸ் மூடியில் ராக்கெட். வெள்ளிக்கிழமை வரப்போகும் ஒன்பதாம் பாகத்துக்கு முதல் காட்சி டிக்கெட், இதோ, சட்டைப் பையில்.

உள்ளே அம்மா சோபாவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மஃப்ளர், கையில் வெந்நீர் டம்ளர். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"உட்காருங்க தம்பி, டீ எடுத்துக்கோங்க. என்ன வேலை பார்க்கறீங்க?"

"லிஃப்ட் ரிப்பேர் ஆன்ட்டி. எந்த மாடியில நின்னாலும் நான் போய்..."

"அனுமதி உண்டு, கேப்டன்!" என்று அவன் பாக்கெட் கீச்சிட்டது.

சனியன் பிடித்த போன்! படத்தில் வரும் பிப்பு என்கிற குட்டி ரோபோவின் குரல் அது. கேப்டன் எந்தக் கதவருகே போய் நின்றாலும் பிப்பு இப்படித்தான் கத்தும், தியேட்டரே கூடச் சேர்ந்து கத்தும். எந்தத் தேசத்துப் படமாக இருந்தால் என்ன, தமிழ் டப்பிங்கில் பிப்பு பேசுகிற அழகே அழகு.

அவன் பதறிப்போய் போனை ஸ்விட்ச் ஆஃப் செய்தான். அம்மாவின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"இந்தப் படமெல்லாம் பார்ப்பீங்களா தம்பி?"

"சும்மா... எப்பவாவது..." அவன் பேச்சு இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டது.

"முதல் ரெண்டு பாகம் சரி. மூணுலேர்ந்து ஒரே ஜவ்வு. செத்தவன் எல்லாம் திரும்பி வர்றான், வெடிச்ச கிரகமே மறுபடி வெடிக்குது. இதையெல்லாம் மனுஷன் பார்ப்பானா?"

"மாட்டான் ஆன்ட்டி."

செய்தித்தாள் லேசாக நடுங்கியது. அப்பாவுக்கும் கோபம் போல.

"அந்த ரோபோ வேற, கீச்சு கீச்சுன்னு. நினைச்சாலே தொண்டை வலிக்குது."

"ரொம்பக் கீச்சுதான் ஆன்ட்டி." பிப்புவுக்குத் துரோகம் செய்த வாயில் டீ கசந்தது. காதலி மட்டும் மேஜைக்கு அடியில் அவன் காலைத் தட்டி, பலே என்றாள்.

"எட்டாவது படுமோசம். ஒன்பதாவது அதுக்கும் மேல மோசம். கடைசி அரை மணி நேரம் தாங்கவே முடியலை."

அவ்வளவுதான். லிஃப்ட் மெக்கானிக் கோப்பையை டொக்கென்று வைத்தான்.

"ஒன்பதாவது இன்னும் வரவே இல்லையே ஆன்ட்டி! வராத படத்தை மோசம்னு சொன்னா எப்படி?"

காதலி முகத்தைப் பொத்திக்கொண்டாள். செய்தித்தாள் கிடுகிடுவென்று ஆடியது.

"கதை தண்டம்தான், ஒத்துக்கறேன். ஆனாலும் பத்தாவது எடுத்தாலும் போய்ப் பார்ப்பேன். ஏன் தெரியுமா? போன மாசம் ஒரு லிஃப்ட் பாதியில நின்னுபோச்சு. உள்ளே ஒரு பாப்பா மட்டும், ஒரே அழுகை. நான் கதவிடுக்குல போனை வெச்சு பிப்பு குரலைப் போட்டேன். கப்புனு அழுகை நின்னுச்சு. நான் கதவைத் திறக்கிற வரைக்கும் பிப்புகூடவே பேசிக்கிட்டு இருந்துச்சு. வெளியே வந்ததும் அவங்கம்மாவைக்கூடத் தேடலை, பிப்பு எங்கேன்னு தேடுச்சு. அந்தக் குரலைப் போய்க் கீச்சுன்னு சொல்லிட்டேனே, என் வாயைக் கழுவணும்!"

மூச்சு வாங்கிய பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது. போச்சு, எல்லாம் போச்சு. அம்மா மஃப்ளர் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திட்டினால்கூடப் பரவாயில்லை, அழ வைத்துவிட்டோமே! எழுந்து நின்றான்.

"மன்னிச்சுடுங்க ஆன்ட்டி. உங்க பொண்ணைக் கேட்கத்தான் வந்தேன். வந்ததுக்குக் கேட்டுட்டே போயிடறேன். எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?"

செய்தித்தாள் கீழே விழுந்தது. அப்பாவின் முகம் சிரித்துச் சிரித்துச் சிவந்துபோயிருந்தது.

"அம்மா, வேணாம்மா!" என்று காதலி அலறினாள். "தெரிஞ்சா இவன் என்னை விட்டுட்டு உன்கூடவே உட்கார்ந்துடுவான்!"

அம்மா ஒரு மடக்கு வெந்நீர் குடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அனுமதி உண்டு, கேப்டன்!"

ஐயோ, மறுபடியுமா! லிஃப்ட் மெக்கானிக் அடித்துப் பிடித்து போனை வெளியே எடுத்தான். அது அணைத்தபடியே இருட்டாகக் கிடந்தது. நிமிர்ந்தான். அம்மாவின் உதடுகள் அசைந்தன, அதே பிப்பு குரலில்.

"டீ ஆறுது, குடிங்க மாப்ளே!"