மகன் வரட்டும்

பீரோவுக்குள் மடிப்புக் கலையாமல் கிடந்த ஜரிகை வேட்டியிடம் புது சென்ட் பாட்டில் பெருமையடித்தது.

"எனக்குள்ள கடலும் இருக்கு, ஈர மரமும் இருக்கு அண்ணே. மஸ்கட்ல இருந்து மகன் ஆசையா அனுப்பினான். நம்ம பெரியவர் தங்கையா எப்ப என்னை அடிச்சுக்குவார்?"

"மகன் வரட்டும், அன்னைக்குப் போட்டுக்கலாம்னு என்னையும் இப்படித்தான் வச்சார்," என்றது வேட்டி.

ஒருநாள் மகன் வந்தான். அழுதுகொண்டே வேட்டியை உதறி அப்பாவுக்கு உடுத்தினான். பாட்டிலைத் திறந்து அவர் மார்பெல்லாம் அடித்தான். கூடமே கடற்கரையாக மணந்தது.

"அண்ணே, சுத்தி நிக்கிறவங்க எல்லாரும் என்னை மோந்துட்டாங்க. அவர் மட்டும் ஏன் மூச்சே இழுக்கல?" என்று கேட்டது பாட்டில்.

அவர் உடம்பின் குளிர்ச்சி வேட்டிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.