நாலு கோலும் ஒரு பூட்டும்

"இனிமே நம்மாளு எவனும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. புரியுதா?"

இடைவேளை. உடைமாற்றும் அறையில் வியர்வையும் வலித் தைலமும் கலந்து வாடையடித்தது. சிமெண்ட் ஆலை அணி ஆட்டக்காரர்கள் தண்ணீர் பாட்டிலை வாயில் கவிழ்த்தபடியே தங்கள் கோச்சைப் பார்த்தார்கள். கால்பந்து அரையிறுதி ஆட்டம். கல்லூரி அணியை நாலுக்குப் பூஜ்யம் என்று அடித்துத் துவைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்கள். ஆனால் கோச்சின் முகத்தைப் பார்த்தால் தோற்றுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது.

அவருக்குப் பசங்க வைத்த பெயர் 'பூட்டு மாஸ்டர்'. ஒரு கோல் முன்னால் போய்விட்டால் போதும், ஆட்டத்தையே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்.

"மாஸ்டர், அவனுங்க மூச்சு வாங்கிட்டு நிக்கிறானுங்க. இன்னும் ரெண்டு போட்டுடலாம்" என்றான் மின்னல். நாலில் மூன்று கோல் அவன் அடித்தது.

"பேராசைப்படாதே. நீ உக்காரு. உனக்குப் பதிலா கோலைக் காக்க இன்னொரு பேக் இறக்கறேன்."

"எனக்கு அடி ஒண்ணும் படலையே மாஸ்டர்!"

"படக் கூடாதுன்னுதான் உக்காரச் சொல்றேன். ஃபைனலுக்கு நீ வேணுமா வேணாமா?"

மின்னல் பூட்ஸைக் கழற்றி மூலையில் எறிந்தான்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் ஆலை அணி மொத்தமும் தன் கோல் வாசலில் போய் நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி அப்படி ஒரு நெரிசல். பந்து கிடைத்தால் கோலியிடம் தள்ளினார்கள். கோலி திருப்பித் தள்ளினான். பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள், பிறகு கூச்சல் போட்டார்கள்.

எதிரணிக் கோச் தொப்பியை நெற்றிவரை இறக்கிவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மின்னல் பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் எழுந்தார். "எல்லாரும் முன்னாடி போங்க! அந்தப் பக்கத்துல இருந்து ஒருத்தனும் வர மாட்டான்!" என்று கத்திவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

முதல் கோல் விழுந்தது.

"பரவால்ல, பரவால்ல! இன்னும் மூணு இருக்கு!" என்றார் பூட்டு மாஸ்டர்.

இரண்டாவது விழுந்தது. "பதறாதீங்க! ரெண்டு இருக்கு!"

மூன்றாவது, நெரிசலில் நின்ற சொந்த பேக்கின் முதுகில் பட்டே உள்ளே போனது. மாஸ்டர் எல்லாரையும் இன்னும் பின்னால் இழுத்தார். நாலாவது விழுந்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

"அட்டாக்! முன்னாடி போங்கடா!"

போவதற்கு ஆள் வேண்டுமே? மின்னல் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துணிந்து பந்தோடு ஓடிய ஒருவனும் நடுக்கோட்டுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் நின்று, 'தாண்டலாமா மாஸ்டர்?' என்பதுபோல் திரும்பிப் பார்த்தான். அந்த இடைவெளியில் பந்தைப் பறித்துக்கொண்டு போனார்கள். ஐந்தாவது!

விசில் ஊதியதும் எதிரணிக் கோச் வந்து கை நீட்டினார். பூட்டு மாஸ்டர் முகத்தைப் பார்க்காமலே குலுக்கிவிட்டு நகர்ந்தார்.

சாயங்காலம் சமையலறையில் நாற்காலியைப் போட்டு, துவைத்துப் போட்ட துணி மாதிரி உட்கார்ந்திருந்தார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, வெங்காயம் நறுக்கறது நான். உங்க கண்ணு ஏன் கலங்குது?"

"நீயும் குத்திக் காட்டாதே. இருக்கறதைக் காப்பாத்தணும்னு நெனச்சேன். அது ஒரு தப்பா?"

"காப்பாத்தறது தப்பில்ல. நாலு கோலையும் முட்டை மாதிரி அடைகாத்தீங்களே, அது தப்பு. மின்னலை உக்கார வெச்சீங்க பாருங்க, அப்பவே முடிஞ்சு போச்சு."

"அவனுக்குக் கால்ல அடிகிடி பட்டுட்டா?"

"அடிபட்டாப் பாத்துக்கலாம். நீங்க எதைத்தான் வெளிய எடுத்திருக்கீங்க? சோபா வாங்கி ஏழு வருஷம் ஆச்சு. மேல போட்ட பிளாஸ்டிக் உறையை இன்னும் எடுக்க விடலை. அது என்ன கலர்னு எனக்கே மறந்து போச்சு."

அதற்குள் செல்போன் அடித்தது. ஆலையின் விளையாட்டுக் கமிட்டிச் செயலாளர். மாஸ்டர் எழுந்து நின்றே பேசினார்.

"சார்… சொல்லுங்க சார்."

"மனசுல எதையும் வெச்சுக்காதீங்க மாஸ்டர். அடுத்த சீசனுக்கு வேற கோச் போடறதுன்னு கமிட்டி முடிவு பண்ணிடுச்சு."

"யாரு சார்?"

"இன்னிக்கு நம்மளை ஜெயிச்சாங்களே, அவங்களையேதான். நீங்க கொஞ்சம் பெரிய மனசு பண்ணிப் போனை அவங்ககிட்ட குடுங்க."

பூட்டு மாஸ்டர் பெருமூச்சு விட்டபடி, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் போனை நீட்டினார்.

அவள் அதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "வர்றேன் சார். ஆனா உதவிக்கு இவரும் என் பக்கத்துலயே பெஞ்சுல இருக்கணும்" என்றாள். அவர் முகம் மலர்ந்தது. "ஆமா சார், இவர் என்ன பண்ணச் சொல்றாரோ அதுக்கு நேர் எதிரா பண்ணினாப் போதும். இன்னிக்கும் அப்படித்தானே ஜெயிச்சேன்!"