அமாவாசையின் டர்போ

போடிமெட்டு ஏற்றத்தில் செத்தவன் வந்தாலும் தன் ஜீப்பை முந்த முடியாது என்று ஜீப் ஸ்டாண்டில் வெள்ளைத்துரை அறிவித்தான். யாரும் சிரிக்கவில்லை.

ஏற்றத்தில் இழுவை கூட்ட எஞ்சினுக்கு டர்போ பூட்டாவிட்டால் தோட்டத்து லோடு அவனுக்குக் கிடையாது. மதுரையிலும் அந்தச் சாமான் இல்லை. போன மழைக்குப் பள்ளத்தில் விழுந்து செத்த டிரைவர் அமாவாசையின் ஜீப்பில்தான் ஒன்று இருந்தது. விழுந்த வண்டியின் சாமானைப் பூட்டினால், செத்த டிரைவருக்கு முன் சீட்டைக் காலியாக விடுவது மலையில் வழக்கம்.

“செத்தவனுக்கு என்னத்துக்குடா சீட்டு?” என்று மெக்கானிக் சுடலையிடம் எகிறினான் வெள்ளைத்துரை.

“வருசமாப் பள்ளத்துல கெடந்தது, கழட்டும்போது கையைச் சுட்டுச்சு மாப்ளே.”

“பொத்திக்கிட்டுப் பூட்டு.”

முதல் நடை தனியாக மெட்டுக்குப் போய் வந்தான். மறுநாள் காலை, தோட்டத்துக்குப் போகும் வேலுத்தாய் முன்னால் ஏறப் போனாள்.

“பின்னால போ, ஆத்தா.”

“இங்க சும்மாத்தான கெடக்கு?”

வெள்ளைத்துரை காலிச் சீட்டைத் துண்டால் துடைத்துவிட்டு, அதன் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டான்.

“போலாமாண்ணே?”