தூங்கச் சொல்லும் டாக்டர்

காந்திபுரத்துத் தியேட்டரில் மதியக் காட்சி. பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஹிப்னாடிச டாக்டர் கதாநாயகியின் கண்முன்னே கடிகாரத்தை ஆட்டுகிறார். அவளைத் தூங்க வைத்து, அவள் கையாலேயே ஒரு கொலையை நடத்தப் போகிறார். “தூங்கு, தூங்கு” என்று அவர் குரல் இருட்டில் இழைய, கிருபாசங்கரின் தோளில் ஒரு தலை சாய்கிறது. தன் அப்பா இறந்துபோன இந்த ஒரு மாதமாக ராத்திரியெல்லாம் விழித்தே கிடந்த அவன் மனைவி சண்முகப்பிரியா, தூங்கிவிட்டாள். திரையில் துப்பாக்கி வெடிக்கும்போது அவள் காதை உள்ளங்கையால் பொத்துகிறான். அவளுடைய ஹேர்பின் தோளில் குத்துகிறது, அவன் அசையவில்லை. படம் முடிந்து விளக்குகள் எரிகின்றன. தியேட்டர்காரர் பக்கத்தில் வந்து, “ஏனுங்க, எல்லாரும் போயாச்சுங்க” என்கிறார். கிருபாசங்கர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறான். “அடுத்த ஆட்டத்துக்கும் ரெண்டு டிக்கெட் குடுத்துருங்க. அம்மணி இப்பத்தான் தூங்குது.”